கடை வாசலில் இறக்கிய பெட்டி

எங்கள் தோட்டம் பூனாகலைப் பக்கம் ஒரு பள்ளத்துக்குள் கிடக்கிறது. நாலு பக்கமும் மலை. கைப்பேசி சிக்னல் மேலே ரோட்டு வரைக்கும், படம் ஓடாத அளவுக்கு அரைகுறையாக வந்து நின்றுவிடும். நாங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்குள் இறங்காது. அதனால் ரொம்ப நாளாக எங்களுக்கு இன்டர்நெட் என்றால் கடை முதலாளி கொடுத்ததுதான். ரோட்டோரம் இருக்கும் ஒரே பலசரக்குக் கடை அவருடையது. அவருடைய சொந்தக்காரர்களுக்குப் பதுளை டவுனிலும் கடைகள் உண்டு. அவர் ஏதோ ஒரு கம்பனியிடம் பேசிக் கூரைமேல் ஒரு தட்டை வைத்து, அங்கிருந்து லயம் லயமாக வயர் இழுத்திருந்தார். மாதம் பிறந்தால் பாஸ்வேர்டை மாற்றுவார். பணம் கட்டியவனுக்குப் புதுப் பாஸ்வேர்ட் கிடைக்கும். கட்டாதவன் வாசலுக்கு ஆள் வந்து வயரைச் சுருட்டிக்கொண்டு போவான்.

பிறகு பிரதேச சபையிலிருந்து ஒரு நாள் வேன் வந்தது. எங்கள் வாசிகசாலைச் சுவரில் வெள்ளையாக ஒரு வைபைக் கருவியைப் பொருத்தினார்கள். வெளியே கூரையோரம் இரண்டு ஆன்டெனாக் கொம்பு வைத்தார்கள். "இனிமே யாரும் காசு கட்டத் தேவையில்ல. இது எல்லாருக்கும் சொந்தம்" என்று சொல்லி, கைதட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். வாசிகசாலையைக் கூட்டிப் பூட்டுவது என் வேலை. தோட்டத்தில் நான் சில்லறை வேலைக்காரன். தண்ணீர் வடியக் கான் வெட்டுவேன், புல் வெட்டுவேன். நாலு பேர் முன்னால் பேச எனக்கு வராது. தோட்டத்தில் எனக்கு ஊமையன் என்று பெயர். இவன் யாரோடும் வம்புக்குப் போகமாட்டான் என்றுதான் சாவியை என்னிடம் கொடுத்திருந்தார்கள்.

பொழுது சாய்ந்தால் வாசிகசாலைச் சுவரோரம் சனம் கூடிவிடும். கொழும்புக்குப் பேசுகிறவன், கட்டாருக்குப் பேசுகிறவள், கிரிக்கெட் பார்க்கிறவன் என்று அந்த இடமே இரைச்சலாக இருக்கும். என் அக்கா ஒரு ஓரமாக உட்கார்ந்து குவைத்தில் இருக்கும் மகளோடு பேசுவாள். ஒரே மகள். வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். முகம் பார்த்துப் பேசுகிற வசதி வந்த பிறகு, அக்கா போனைத் தூரத்தில் பிடித்துக்கொண்டு சத்தம் போட்டுப் பேசுவாள். கிட்டப் பிடித்தால் மகளின் முகத்தில் இடித்துவிடுவோம் என்கிற மாதிரி இருக்கும்.

லயங்களில் ஒவ்வொருவராக முதலாளியின் வயரை வேண்டாம் என்றார்கள். அவர் வயரை எல்லாம் சுருட்டிக் கடைக்குப் பின்னால் குவித்தார். நான் சீனி வாங்கப் போனால், ஆட்கள் இருக்கும்போதே கேட்பார்:

"என்ன ஊமையா, நீயும் கம்பனி நடத்துறியாமே? லாபம் எல்லாம் எப்படி?"

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துவிட்டுச் சீனியை எடுத்துக்கொண்டு வருவேன்.

வாசிகசாலைக்குக் கீழே இருக்கும் தேயிலை மலையில் ஒரு பெரிய சவுக்கு மரம். அதில் குளவிக் கூடு இருந்தது. கருவி வருவதற்கு எத்தனையோ மாதம் முன்னாடியே இருந்தது. கொழுந்தெடுக்கிற பெண்கள் பெரட்டுக் களத்தில் வேலை பிரிக்கும்போது கணக்கப்பிள்ளையிடம் சொன்னார்கள். "ஆள் வரும், தீ வைப்பாங்க, அந்த மரத்துப் பக்கம் மட்டும் ஒதுங்கிப் போங்க" என்றார். ஆளும் வரவில்லை, தீயும் வைக்கவில்லை.

அன்று காலை நான் அந்த மலைக்கு அடியில் கான் வெட்டிக்கொண்டிருந்தேன். மேலே மழை இறங்குகிற மாதிரி ஒரு இரைச்சல் கேட்டது. வானம் வெளிச்சமாகத்தான் இருந்தது. பிறகு அலறல் கேட்டது. நிமிர்ந்து பார்த்தால் பெண்கள் தேயிலைச் செடிகளுக்கு மேலாலேயே விழுந்து உருண்டு வருகிறார்கள். ஒருத்தி தன் முகத்தில் தானே அறைந்துகொண்டு வந்தாள். அவள் கைகளிலும் குளவி. ஒருத்தி நான் வெட்டிய கானுக்குள் தலைகுப்புற விழுந்து சேற்றை அள்ளித் தலையில் பூசினாள்.

அக்கா மேலே நின்றுவிட்டாள். கூடைக் கயிறு நெற்றியில் இருந்தது, கூடை நிறையக் கொழுந்து. கயிற்றைக் கழற்றப் போன கையிலேயே குளவி மொய்த்துவிட்டது. கூடையோடு ஓடப் பார்த்தாள். கூடை ஒரு கிளையில் மாட்டி அவளைப் பின்னுக்கு இழுத்தது. அப்படியே மல்லாந்து விழுந்தாள். நான் சாக்கை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு ஏறினேன். கழுத்தில் நெருப்பால் குத்துகிற மாதிரி நாலைந்து கொட்டு விழுந்தது. இடுப்பில் செருகியிருந்த கவ்வாத்துக் கத்தியால் கூடைக் கயிற்றை அறுத்துவிட்டு, சாக்கை அவள் முகத்தில் போட்டு மூடினேன். சாக்குக்குள்ளும் குளவி இருந்தது. அவள் காலால் உதைத்தாள். அந்த உதையில் என் உதடு கிழிந்தது. அப்போது அவளுக்கு அவ்வளவு பலம் இருந்தது.

கொழுந்து லொறியில்தான் எல்லோரையும் ஏற்றினோம். சாக்கு மூட்டைகளுக்கு மேல் அக்காவைக் கிடத்தினோம். கண் இரண்டும் மூடி, உதடு மடங்கி, முகம் பானை மாதிரி ஆகிக்கொண்டே வந்தது. ரோடு முழுக்கக் குழி. ஒவ்வொரு குழிக்கும் அவள் தலை துள்ளியது. பாதி வழியில் துள்ளலில் ஒரு வித்தியாசம் தெரிந்தது. பக்கத்தில் இருந்தவர்களிடம் நான் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில்தான் அவர்களுக்குத் தெரிந்தது.

சாயங்காலம் வாசிகசாலையைத் திறந்து, குவைத்துக்கு நான்தான் பேசினேன். மச்சான், அதாவது அக்காவின் புருஷன், பேசும் நிலையில் இல்லை. கசிப்புச் சாராயப் போத்தலோடு லயத்துப் பின்புறம் கிடந்தார். மருமகளிடம் எப்படிச் சொன்னேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. அவள் கத்திய கத்தலில் அங்கே யாரோ ஓடிவந்து அரபியில் அதட்டினார்கள். ஒரு அறை விழுந்த சத்தமும் கேட்டது. படம் ஆடியது. கொஞ்ச நேரம் சுவர் மட்டும் தெரிந்தது. பிறகு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மெதுவாகப் பேசினாள்.

"மாமா, என்னய விடமாட்டாங்க. பாஸ்போர்ட்டு மேடத்துக்கிட்ட இருக்கு."

"சரிம்மா."

"அம்மா மொகத்த ஒரே ஒரு தடவ காட்டிருங்க மாமா. பெட்டிய மூடுறதுக்கு முன்னாடி. நாளைக்கி ஒங்க நேரம் நாலு மணிக்கி நான் எடுப்பேன். மேடம் தூங்குற நேரம் அதான். அதுக்கப்புறம் போன வாங்கி வச்சிருவாங்க."

"காட்டுறேம்மா. நான் காட்டுறேன்."

அக்காவின் லயம் வாசிகசாலைக்கு நேர் கீழே. கருவியின் சிக்னல் அவள் வாசல் வரைக்கும் நன்றாக இழுக்கும். போனை முழுக்க சார்ஜ் போட்டு வைத்தேன். மறுநாள் பகல் பதுளையிலிருந்து பரிசோதனை முடிந்து உடம்பு வந்தது. வெள்ளை உடுத்தி, கையில் சிலுவை வைத்து, வாசலில் கிடத்தினோம். வேதக்கோயில் உபதேசியார் நாலு மணிக்குப் பிறகுதான் ஜெபம் என்று என்னிடம் ஒத்துக்கொண்டார். அவளுக்கு அம்மாவின் முகத்தைக் காட்ட வேண்டும் என்பதைத் தவிர என் தலைக்குள் அன்று வேறு எதுவும் இல்லை.

முதலாளி மலர்வளையத்தோடு வந்தார். பெட்டிக்குப் பக்கத்தில் கும்பிட்டு நின்றார். பிறகு ஆண்கள் உட்கார்ந்திருந்த வாங்கில் இடம் பிடித்துக்கொண்டார்.

"நான் சொன்னா பொறாமைல சொல்றான்னு நெனப்பீங்க" என்று ஆரம்பித்தார். "அந்த வைபைய மாட்டுனதுக்கப்புறந்தானே இந்தக் குளவிக்குப் பைத்தியம் புடிச்சுச்சு? அலை. கண்ணுக்குத் தெரியாத அலை. அது போயிக் கூட்டுல அடிச்சா சும்மா இருக்குமா? வெளிநாட்டுல எல்லாம் தேனீ செத்து விழுதுன்னு வீடியோ போட்டிருக்கான்."

"ஒங்க கடையிலயும் அதான மொதலாளி இருக்கு?" என்று ஒருவன் கேட்டான்.

"எங்கது வயருக்குள்ள போகுது தம்பி. வெளிய கசியாது. அதுக்குத்தான் காசு வாங்குறோம். ஓசில குடுக்குறவன் இதெல்லாம் பாப்பானா?"

மச்சான் அதுவரைக்கும் சுவரில் சாய்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாக எழுந்தார். கோபம் வந்தால் அவருக்கு வாய் அடங்கிவிடும், கைதான் பேசும். வாசலில் குழி வெட்டப் போகிறவர்கள் சாய்த்து வைத்திருந்த மண்வெட்டியை எடுத்தார். யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் வாசிகசாலைப் படியில் ஏறினார். அவர் பின்னால் பத்து ஆள், அப்புறம் இருபது ஆள். குளவி கொட்டி வீங்கிய கையோடு சில பெண்களும் போனார்கள். முதலாளி வாங்கிலேயே உட்கார்ந்து பிளேன் டீயைக் குடித்து முடித்தார்.

நான் குறுக்கால் ஓடி முதலில் போய்க் கதவில் முதுகை வைத்து நின்றேன்.

"சாவியக் குடுடா" என்றார் மச்சான்.

"மச்சான், புள்ள எடுப்பா. நாலு மணிக்கி எடுப்பா. அதுவரைக்கும் விட்ருங்க."

"எம் பொண்டாட்டியத் தின்ன சாமான்டா இது!"

"கூடு முந்தியே இருந்துச்சு மச்சான். இது வர்றதுக்கு முந்தியே."

அவ்வளவு சத்தமாக என் வாழ்நாளில் நான் பேசியதில்லை. பின்னால் யாரோ, "அடேங்கப்பா, ஊமையனுக்கு வாய் தொறந்திருச்சு! சபைக்காரன் சம்பளம் போடுறானோ?" என்றான். சிரிப்புக்கூடக் கேட்டது.

மண்வெட்டிப் பிடியால் மச்சான் அடித்தார். கையை நீட்டித் தடுத்தேன். முன்கையில் எலும்பு முறிகிற சத்தம் எனக்கே கேட்டது. இரண்டாவது அடி தலையில் விழுந்தது. கீழே விழுந்த பிறகு யார் யார் உதைத்தார்கள் என்று தெரியாது. எல்லாம் தெரிந்த கால்கள்தான். அதில் ஒரு கால் போட்டிருந்த செருப்பு, நான் தைத்துக் கொடுத்தது. கதவு கீலோடு பெயர்ந்து என்மேல் சாய்ந்தது. அதை மிதித்துக்கொண்டு உள்ளே போனார்கள்.

கருவி ஒரே வெட்டில் இரண்டாகப் பிளந்தது. அதோடு நிற்கவில்லை. கொம்பை முறித்தார்கள். வயரைப் பிடுங்கினார்கள். பத்திரிகை போடும் மேசையை உடைத்தார்கள். கரம் போர்டைச் சுவரில் அடித்து நொறுக்கினார்கள். ஒரு பெண் வீங்கிய கையால் கல்லை எடுத்து ஒவ்வொரு சன்னலாக அடித்தாள். ஒவ்வொரு கண்ணாடிக்கும் அழுதாள்.

கதவுக்கு அடியில் கிடந்தபடி நான் நினைத்தது இதைத்தான். முதலாளியின் கூரையில் ஒரு கல் விழுந்தால், யார் எறிந்தது என்று கேட்க முதலாளி இருக்கிறார், அவருடைய நாய் இருக்கிறது, பொலிஸ் இருக்கிறது. இது எல்லாருக்கும் சொந்தம் என்றார்கள். கேட்க ஆள் இல்லை. என் கையில் சாவி இருந்ததே தவிர, அது என்னுடையதும் இல்லை. பிறகு சபையிலிருந்து வந்தவர்களும் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள், போனார்கள். இன்று வரைக்கும் புதிது வரவில்லை. லயத்துக்கு லயம் மறுபடியும் முதலாளியின் வயர்தான் ஓடுகிறது.

உடைத்து முடித்ததும் திடீரென்று அமைதியானது. உடைத்தவர்களில் ஒருவன், அதை வீடியோ எடுத்தவன், போனைத் தட்டிக்கொண்டே வெளியே வந்தான்.

"ஏய், இது போகமாட்டேங்குதுடா. லைன் இல்ல."



உபதேசியாரும் இரண்டு பெண்களும் என்னைத் தூக்கினார்கள். துண்டைக் கிழித்து என் கையைக் கழுத்தோடு கட்டினார்கள். போனைப் பார்த்தேன், உடையவில்லை. நேரமும் ஆகிவிடவில்லை. மச்சான் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். நான் போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். அதில் சிக்னல் கட்டம் காலியாக இருந்தது.

"இப்ப எதுல காட்டுவீங்க?" என்று கேட்டேன்.

அப்போதுதான் அவருக்கு விளங்கியது. மண்வெட்டியைப் பார்த்தார். உடைந்த கொம்பைப் பார்த்தார். தன் நெற்றியில் தானே மூன்று நாலு முறை குத்திக்கொண்டார். நான் தடுக்கவில்லை. பிறகு எழுந்து பெட்டிக்குப் பக்கத்தில் போய், "தூக்குங்க" என்றார். "ஜெபம் அப்புறம். தூக்குங்க."

கல்லறைக்குப் போகிற ரோடு கடையைத் தாண்டித்தான் போகிறது. மச்சான் முன்பக்கம் தோள் கொடுத்தார். கடைக்கு நேராக வந்ததும் நின்றார்.

"எறக்குங்க."

எங்கள் பக்கம் பிணத்தை இன்னொருவர் வாசலில் இறக்கினால், அந்த வீட்டில் அடுத்த பிணத்தை எடுக்க வருகிறோம் என்று சொல்கிற மாதிரி. எங்களை மாதிரி வேதக்காரரும் அதைச் செய்யமாட்டார்கள், சைவக்காரருக்குச் சொல்லவே வேண்டாம். தூக்கி வந்தவர்கள் தயங்கினார்கள். மச்சான் தன் பக்கத்தைத் தாழ்த்திவிட்டார். மற்றவர்களும் தாழ்த்த வேண்டியதாயிற்று. அரிசி மூட்டைகளுக்கு முன்னால், கடைப் படியில் அக்காவின் பெட்டி உட்கார்ந்தது.

முதலாளி எங்களுக்கு முன்னாடியே குறுக்குப் பாதையில் கடைக்கு வந்திருந்தார். கல்லாவிலிருந்து பாய்ந்து எழுந்தார்.

"ஐயோ, என்னப்பா இது! வெளக்கு வச்ச எடம். தூக்குங்க, தூக்குங்க. புள்ள குட்டி இருக்குற வீடு."

"பாஸ்வேர்டு" என்றார் மச்சான்.

"என்னது?"

"எம் மக தாய் மொகத்தப் பாக்கணும். பாஸ்வேர்டக் குடு. குடுத்தா பெட்டி நகரும்."

"அது... இன்னைக்கித்தான் கம்பனில மாத்துனாங்க. கேட்டுத்தான் சொல்லணும். மொறைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

மச்சான் கண்ணாடி அலுமாரிமேல் இருந்த மிட்டாய்ப் போத்தலை எடுத்து அதே அலுமாரியில் அடித்தார். கண்ணாடிச் சில்லு முதலாளியின் மடியில் கொட்டியது. சட்டையைப் பிடித்து இழுத்து, அவர் முகத்தைத் தராசுத் தட்டில் மோதினார். மூக்கிலிருந்து ரத்தம் தராசில் ஒழுகியது. கடைப் பையன்கள் இரண்டு பேர் ஷட்டர் இழுக்கும் இரும்போடு வந்தார்கள். எங்கள் ஆட்கள் பாய்ந்தார்கள். பெட்டிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடி விழுந்தது. ஒருவன் இரும்படி வாங்கிப் பெட்டிமேல் விழுந்தான். ஆணி அடிக்காத மூடி சரிந்து, அக்காவின் கையில் வைத்த சிலுவை படியில் உருண்டது. அதைப் பார்த்ததும் இரண்டு பக்கமும் கை தானாக நின்றது. நான் குனிந்து அதை எடுத்தேன்.

உள்ளே இருந்து முதலாளியின் சம்சாரம் கத்தினார்: "குடுத்துத் தொலைங்களேன்! பொணத்த வாசல்ல வச்சிக்கிட்டு யாவாரம் பேசுறீங்களே!"

முதலாளி என் போனை வாங்கினார். மூக்கு ரத்தம் போன் கண்ணாடியில் சொட்டியது. துடைத்துவிட்டு ஒவ்வொரு எழுத்தாக அடித்தார். அந்த நேரத்திலும் மற்றக் கையைக் குடை மாதிரி வைத்து, நாங்கள் பார்க்காமல் மறைத்துக்கொண்டுதான் அடித்தார்.

கட்டம் நிறைந்தது. நிறைந்த உடனேயே போன் அடித்தது. அவள் எவ்வளவு நேரமாக முயற்சி செய்துகொண்டிருந்தாளோ தெரியாது.

"மாமா, எங்க போனீங்க மாமா? எவ்வளவு நேரமா அடிக்கிறேன். நேரமில்ல. காட்டுங்க, அம்மாவக் காட்டுங்க."

நல்ல கையால் போனைப் பெட்டிக்கு நேராகப் பிடித்தேன். உபதேசியார் முகத்துணியை விலக்கினார். அவள் முகம் அசையாமல் நின்றது. படம் நின்றுவிட்டதோ என்று பார்த்தேன். நிற்கவில்லை. அவள் கண் அசைந்துகொண்டிருந்தது.

"இது யாரு?" என்றாள்.

"அம்மாதாம்மா."

"இல்ல. இது எங்கம்மா இல்ல. மாமா, யாரக் காட்டி என்னய ஏமாத்துறீங்க? எங்கம்மாவ எங்க வச்சிருக்கீங்க?"

"கொளவி கொட்டி வீங்கிருச்சும்மா. அம்மாதான்."

"இல்ல! இது இல்ல!"

சுற்றி நின்ற பெண்கள் ஓலம் வைத்தார்கள். நான் என்ன சொல்லியும் அவள் நம்பவில்லை. முகத்தில் அவளுக்குத் தெரிந்தது எதுவும் மிச்சம் இல்லை என்பது உண்மைதான். பிறகு அவளே அழுகையை நிறுத்திக்கொண்டு சொன்னாள்:

"எடது காதக் காட்டுங்க."

அங்கே நின்றவர்களில் வயது வந்தவர்களுக்கெல்லாம் அது என்னவென்று தெரியும். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, ஒரு கிறிஸ்மஸ் அன்று, கேட்ட பணத்தைக் கொடுக்கவில்லை என்று மச்சான் அக்காவின் தோட்டைப் பிடித்து இழுத்தார். காது இரண்டாகப் பிய்ந்து தோடு அவர் கையோடு வந்தது. பிள்ளை தன் புதுச் சட்டையின் ஓரத்தால் அம்மாவின் காதைப் பொத்திக்கொண்டு நின்றது. அந்தக் காதை அக்கா பிறகு எப்போதும் முடியால் மூடியே வைத்திருந்தாள். தோட்டத்தில் யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

மச்சான் முழங்காலில் உட்கார்ந்தார். அவரை யாரும் செய்யச் சொல்லவில்லை. முடியை ஒதுக்கினார். காதும் வீங்கித்தான் இருந்தது. ஆனால் கீழே அந்தப் பிளவு இருந்தது, இரண்டு பக்கமும் தனித்தனியாக வீங்கி. நான் போனைக் கிட்டக் கொண்டுபோனேன். படத்தில் காதும், அதைப் பிடித்திருந்த அவர் விரல்களும் மட்டும்தான் தெரிந்திருக்கும்.

"அம்மா" என்றாள். சத்தம் போடவில்லை. தூக்கத்தில் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆள்கூட்டம் மூச்சு விடுவது கேட்டது.

"கண்ணு..." என்றார் மச்சான் போனைப் பார்த்து.

"கைய எடுங்க" என்றாள். "மாமா, நீங்க மூடுங்க. நீங்க மட்டும் மூடுங்க. நான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

போனை உபதேசியாரிடம் கொடுத்தேன். சிலுவையை அக்காவின் கையில் வைத்தேன். முகத்துணியைப் போட்டேன். ஒரு கையால் மூடியை இழுக்க முடியவில்லை. தோளால் முட்டித் தள்ளினேன். யாரும் உதவிக்கு வரவில்லை, அவள் சொன்னதை எல்லோரும் கேட்டிருந்தார்கள். ஆணியை மட்டும் வேறொருவர் பிடித்துக்கொள்ள, நான் அடித்தேன். கடைசி ஆணி வரைக்கும் அவள் லைனில் இருந்தாள். பிறகு பின்னால் யாரோ அவளை அதட்டுகிற சத்தம் கேட்டது. போன் இருட்டானது.

பெட்டியைத் தூக்கினார்கள். மச்சான் தன் இடத்துக்கு வந்து நின்றார். அங்கே வேறொருவன் தோள் கொடுத்திருந்தான். அவர் எல்லோருக்கும் பின்னால் நடந்து வந்தார்.